கடிபட்டவன் சொல்லணுமா?

பனியும் புகையும் கலந்த ஒரு காலை. போகிக்காக ஊரெல்லாம் பழையதைக் கொளுத்தியிருந்தார்கள். எண்ணூர் கழிமுகத்துப் பாலத்தின் மேல் நின்று கீழே பார்க்கிறேன். தண்ணீர் இருக்கிற இடத்தில் தண்ணீர் இல்லை, வெள்ளையாக ஏதோ இருக்கிறது. பாலத்தின் கைப்பிடிச் சுவரே கொஞ்ச தூரத்துக்கு அப்பால் கரைந்துபோயிருந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. சளக், சளக் என்று யாரோ சேற்றைப் பிசைகிற மாதிரி. அப்புறம் மூச்சு. மூக்கால் மட்டும் விடுகிற மூச்சு. ஒன்றல்ல, பல. பேச்சு என்று ஒரு சொல் கிடையாது.

மண் சரிவில் காலை ஊன்றி ஊன்றிக் கீழே இறங்கினேன். புகை சற்று விலகியது. இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள். உடம்பெல்லாம் சாம்பல் நிறம். ஆணா பெண்ணா தெரியவில்லை. குனிந்து, இரண்டு கையையும் தண்ணீருக்கடியில் விட்டுத் துழாவியபடி, மெதுவாக, மிக மெதுவாக என் பக்கம் நகர்ந்து வருகிறார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஏதோ ஒன்று தொங்குகிறது.

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். காத்திவாக்கம் பக்கத்தில் கையாலேயே இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைக்கூடையைப் பறி என்பார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் அந்தப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்தச் சாம்பல் நிறம், மின்சார நிலையத்துச் சாம்பல் வந்து படிந்த சேறு. எல்லாம் தெரியும். தெரிந்தும் மேலே ஏறி ஓடிவிடலாமா என்று பாலத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர்களுக்குள் ஒருவன் என் சிநேகிதன் காசி. சில நாட்களாக வீட்டுக்கும் போகாமல் வேலைக்கும் போகாமல் இருந்தவன். அவனைத் தேடித்தான் வந்திருந்தேன்.

"காசீ!"

எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது.

சங்கு ஊதினால் ஓடுகிறவன்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், 'உங்களுக்கு எதற்கெடுத்தாலும் ஏன் இத்தனை பயம்?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. என் சிநேகிதர்கள் எனக்கு வைத்த பெயரே பேஜாரு. என் சொந்தப் பெயரைச் சொன்னால் காலடிப்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருந்தது. விஷவாயு கசிந்தால் ஊதுவதற்கென்று அங்கே ஒரு சங்கு. அது வேலை செய்கிறதா என்று அவ்வப்போது ஊதிப் பார்ப்பார்கள். வெறும் சோதனைதான் என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நான் மட்டும் பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவேன். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. "அங்கேயே இருந்துடுறா" என்றார். இருந்துவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பிறகு டயர் கடையில் வேலை பழகி, திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையோரம் சொந்தமாகப் பஞ்சர் கடை வைத்தேன். லாரி டயர் வெடித்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். பயப்படுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத தொழில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஜோம்பி படப் பைத்தியம் ஊரடங்குக் காலத்தில் தொற்றிக்கொண்டது. சாலையில் ஒரு லாரி கிடையாது. தெருவில் போகிற ஒன்றிரண்டு பேருக்கும் மூக்கும் வாயும் கிடையாது, கண் மட்டும்தான். மத்தியான வெயிலில் எங்கோ ஓர் ஆம்புலன்ஸ் சத்தம் நெருங்கி வந்து, நம் தெருவில் நுழையாமல் போகும். அப்போது செல்போனில் ஒரு ஜோம்பி படம் பார்த்தேன். அதிசயம், மனசு லேசாகிவிட்டது.

காரணம் உண்டு. அந்தப் படங்களில் கவலைப்படுகிறவனைப் பார்த்து முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். பாதிப் படத்துக்கு மேல் ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள். வேறு எந்தச் சினிமாவில் எனக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

ஷட்டருக்குள்ளே

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு லீவு. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, பழைய டி.வி.யில் செல்போனை மாட்டிப் படம் பார்ப்போம். நாலு பேர். நான், டில்லி, காசி, ஷெரீப் பாய்.

டில்லி எங்கள் தெருக்காரன், ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். காசி காத்திவாக்கத்துக்காரன். மீன்பிடிக் குடும்பம், ஆனால் கிடங்கில் மூட்டை தூக்கப் போய்விட்டான். ஷெரீப் பாய் எங்களுக்கெல்லாம் மூத்தவர். தண்டையார்பேட்டையில் மெத்தை தலையணை கடை வைத்திருக்கிறார். எவ்வளவு பயங்கரமான படமானாலும் தலையணைக்கு இலவம் பஞ்சு அடைத்துக்கொண்டே பார்ப்பார்.

எல்லாம் தமிழில் டப்பிங் செய்த படங்கள். எந்த ஊர்க்காரனும் நம் பாஷை பேசுவான். ஜோம்பிக்கு மட்டும் டப்பிங் கிடையாது. எந்த நாட்டு ஜோம்பியானாலும் ஒரே உறுமல்தான். படங்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். லிஃப்டு படம், கப்பல் படம், கல்யாண மண்டபப் படம் என்று.

படம் முடிந்ததும் சண்டை ஆரம்பிக்கும்.

"கப்பல் படம்தான் மாமு கெத்து. அதுங்க செவுத்துல ஏறி ஓடுது பாரு," என்பான் டில்லி. "லிஃப்டு படத்துல அரை மணி நேரம் நடந்து வருது. அதுக்குள்ள நான் வூட்டுக்குப் போயி கறிக்கொயம்பு துன்ட்டு, பல்லு குத்திகினே தப்பிச்சுடுவேன்."

ஷெரீப் பாய் பஞ்சை ஊதித் தள்ளிவிட்டுச் சொல்வார்: "ஓடி வர்றது நாய்பா. கல்ல எடுத்தா போச்சு. மெதுவா வர்றது மவுத்து. அதுக்கு அவசரமே இல்ல. எப்படியும் நீ மாட்டுவேன்னு அதுக்குத் தெரியும்."

"ஓடட்டுமே பாய்," என்பான் காசி. "நம்ம எண்ணூர் ரோட்டுக்கு வரச் சொல்லு. கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி மாட்டிகினு ஒரு வாரம் நிக்கும்."

"நெசமாவே வந்துச்சுன்னா எங்கடா ஓடுவ, காசி?"

"எனுக்கின்னா, கட்டுமரத்துல ஏறி உள்ள பூடுவேன். நீ எங்க பூடுவ, பாய்?"

"நான் புழல் ஜெயிலுக்கு," என்பார் பாய். "எம்மாம் பெரிய செவுரு. உள்ள சோறு. அன்னிக்கு வெளிய கீறவன்தான் கைதி."

"சொம்மா உள்ள வுடுவானா பாய்? ஏதாச்சும் பண்ணிட்டுப் போவணுமே."

"ஜோம்பி வந்தப்புறம் எவன்பா கேஸு எய்துவான்?"

என்னைக் கேட்டால், இங்கேயே இருப்பேன், இரண்டு டிரம்மில் தண்ணீர் ரொப்பி வைத்திருக்கிறேன் என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. இப்போதும் இரண்டு டிரம் இருக்கிறது.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே போடுகிற சண்டை. ஒரே ஒரு சண்டையில்தான் குரல் ஏறும். எல்லா ஜோம்பி படத்திலும் ஒருவன் கடிபட்டுவிடுவான். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் ஆகாதவன் மாதிரி மற்றவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பான். அவன் சொல்லணுமா, கூடாதா?

"கடிச்சிச்சா? போட்டுத் தள்ளு," என்பான் காசி. ஒவ்வொரு படத்துக்கும் அதே தீர்ப்பு. "அண்ணனோ தம்பியோ. ஒருத்தனுக்குப் பாவம் பாத்தா பத்து பேரு பூடுவான்."

"சொன்னா சுடுறீங்க," என்பான் டில்லி. "அப்புறம் எவன் மாமு சொல்லுவான்? நான்னா மூடிகினுதான் இருப்பேன்."

"அப்ப உன்னத்தான் மொதல்ல."

"அடப்பாவி, எங்க வூட்ல துன்ன சோறுடா உனுக்கு!"

நான் இந்தச் சண்டையில் சேரமாட்டேன். சத்தமில்லாமல் என் கையைப் பார்த்துக்கொள்வேன், எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று.

டில்லிக்குப் பதிலாகக் காசி

அந்தப் போகிக்கு முன்னால் மழை விட்டதும் டில்லிக்கு இருமல் பிடித்தது. நாய் குரைக்கிற மாதிரி இருமுவான். படத்தில் ஜோம்பி அமைதியாக வருகிற இடத்தில் இவன் இருமி, நாங்கள் எல்லாரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கிறோம். நான் அவன் குடித்த டீ கிளாஸைத் தனியாக வெந்நீரில் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். காசி முன்வரிசையிலிருந்து எழுந்து போய், ஷட்டர் ஓரம் டயர் அடுக்கில் உட்கார ஆரம்பித்தான். டில்லியின் இருமலுக்குப் பயந்துதான் என்று நினைத்தேன்.

டில்லியின் கம்பெனியில் கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும். படத்தில் நிழல் விழுந்தால் பாஸ் கிடையாது.

"நான் போறேன்டா உன் பேருல," என்றான் காசி.

"இன்னா மாமு சொல்ற?"

"மாஸ்க் மாட்டிகினா எல்லாம் ஒரே மூஞ்சி. ஆதார்ல கீற மூஞ்சி உனுக்கே ஒத்துப்போவாது. மூட்டை தூக்குற நெஞ்சுடா இது, கண்ணாடி மாரி இருக்கும். ஒரு தபா மூச்சப் புடிச்சா முடிஞ்சுபோச்சு."

வெளியூர் வாசகர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் ஒருவனுக்காக இன்னொருவன் நிற்பது பழகிப்போன விஷயம். ரேஷன் வரிசையில் நிற்போம், லாரித் தண்ணீருக்கு நிற்போம், வேலைக்கு வராதவன் பேரைக் கூப்பிட்டால் இருக்கிறவன் 'உள்ளேன்' என்போம். எக்ஸ்ரே மெஷின் முன்னாலும் நிற்கலாம் என்று நினைத்துவிட்டோம். நான் இரண்டு நாள் தூங்காமல் கவலைப்பட்டது, காசி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்றுதான். படவேண்டிய கவலை அது இல்லை.

காசி போனான். 'டில்லி' என்று கூப்பிட்டதற்கு எழுந்தான். மூச்சைப் பிடித்தான். வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு. ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. டில்லி ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே வந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பாய் படத்தை நிறுத்தினார். டி.வி.யில் ஒரு ஜோம்பியின் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றது. கடைக்குள் இருந்த வெளிச்சம் அது ஒன்றுதான்.

"மேஸ்திரி போன் பண்ணாரு பாய். நெஞ்சுல நெழல் கீதாம். டி.பி.யா இருக்கும், பெரியாஸ்பத்திரிக்குப் போவச் சொல்றாரு. பாஸு கெடையாதாம்."

ஷெரீப் பாய் பஞ்சு ஒட்டிய கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "அட, இப்பல்லாம் அது ஒரு நோவாபா? மாத்திரை கீது. எந்திரி."

"எனுக்கு அப்பவே தெரியும் பாய். அந்த இருமலு ராத்திரி தூங்க வுடல."

டில்லி அழுதான். பாய் தேற்றினார். நான் சட்டைக் காலரால் மூக்கை மூடிக்கொண்டு, இத்தனை நாளில் யார் யார் டில்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்று யோசித்தேன். அந்த வரிசையில் என்னைச் சேர்த்தேன், பாயைச் சேர்த்தேன். எங்கேயோ ஒரு கணக்கு இடித்தது.

"டில்லி," என்றேன். "நீ எக்ஸ்ரேக்கே போவலியேடா."

அழுகை நின்றுவிட்டது. வெளியே ஒரு லாரி ஏர் பிரேக் விட்டுப் பெருமூச்சு விட்டது. நாங்கள் மூன்று பேரும் மெதுவாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஷட்டர் பக்கம் தலையைத் திருப்பினோம்.

காசி டயர் அடுக்கிலிருந்து எழுந்து நின்றிருந்தான். டி.வி. வெளிச்சத்தில் அவன் முகத்தில் நீலம் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. எத்தனை நாளாக ஒட்டியிருக்கிறது? எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பயப்படுகிற என் கண்ணில் இது படவே இல்லை.

"ஒருத்தரும் எந்திரிக்காதீங்க," என்றான்.

குனிந்து வெளியே போனான். வெளியிலிருந்து ஷட்டரைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டான். அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது.

அந்த ஷட்டரை உள்ளேயிருந்து தூக்கலாம். அவன் பூட்டுப் போடவில்லை. ஆனாலும் எங்களில் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் போன் அணைந்துபோனது. கிடங்குக்கும் வரவில்லை என்றார்கள். அவன் மனைவி செல்வியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "டபுள் ட்யூட்டிண்ணா. வூட்டுக்கே வர்றதில்ல" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்தது. போகிக்கு முதல் நாள், மீன் விற்க வருகிற அம்மா கூடையை இறக்கி வைத்தபடி சொன்னாள்: "உன் தோஸ்து மூட்டைய வுட்டுட்டு எறா புடிக்க வந்துட்டான் போலக்கீது? எங்க ஆளுங்களோட தண்ணிலதான் கெடக்கறான்."

திரும்பாத தலை

எல்லாத் தலையும் திரும்பியது என்று எழுதினேன் அல்லவா. அது சரியில்லை. ஒன்று திரும்பவில்லை. எல்லாருக்கும் அப்பால், புகை மறுபடி கெட்டியாகிற இடத்தில் ஒரு முதுகு. அதுதான் காசி.

மற்றவர்கள் மறுபடி குனிந்துகொண்டார்கள். நான் கரையோரமாகவே நடந்து அவனுக்கு நேரே போய் நின்றேன். மாஸ்க்குக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் கை.

"காசி, நான்தான்டா. செல்வி கேட்டுச்சு. டபுள் ட்யூட்டின்னு நம்பிகினு கீது."

திரும்பாமலே பறியை வாயிலிருந்து எடுத்தான். "கிட்ட வராத, பேஜாரு."

"நான் எங்கடா வர்றது? எனுக்கு நீச்சல் தெரியாது."

"இடுப்புத் தண்ணிக்கு நீச்சலாம்." சிரிப்பு மாதிரி ஒன்று கேட்டது. இருமலில் முடிந்தது. அடக்கி அடக்கி, உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்கிற இருமல். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் இது எங்களுக்குக் கேட்காமல் போனது எப்படி என்று அப்போது விளங்கியது.

"ஏன்டா இங்க வந்து நிக்கற?"

"இங்கதான் மாமு ஆளுக்கு ஆளு தள்ளி நிக்கறோம். வாயில பறி. ஒருத்தனும் பேச மாட்டான். எம் மூச்சு எவன் மேலயும் படாது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்றான். சாயங்காலமானால் காய்ச்சல், விடியக்காலம் தலையணை நனைந்து கிடக்கும்.

"அப்ப எக்ஸ்ரேக்குப் போனது?"

"தெரிஞ்சுதான் போனேன்." முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துக்கொண்டே பேசினான். "எம் பேருல எடுத்தா எம் பேருல வந்துடும். டில்லி பேருல எடுத்தா, கீதா இல்லியான்னு மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு பாத்தேன். மூச்சப் புடின்னு சொன்னாங்களே, அப்போ இது டில்லி நெஞ்சு, இது டில்லி நெஞ்சுன்னு சொல்லிகினே நின்னேன். அவன் பொயப்பு போவும்னு தோணவே இல்ல மாமு."

நான் மூக்குத் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினேன்.

"தர்ஷினி எம் மேலதான் படுத்துத் தூங்கும்," என்றான். தர்ஷினி அவன் மகள். மூன்று வயசு. "வேக்காடா கீதுன்னு சொல்லிட்டு மணல்ல போய்ப் படுத்துகினேன்."

"மார்கயில இன்னாடா வேக்காடு?"

"செல்வியும் அத்ததான் கேட்டா." பறியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். "படத்துக்குப் படம் நான்தானே சொன்னேன், போட்டுத் தள்ளுன்னு? எம் முறை வந்தா மட்டும் வாய மூடிக்கலாமா?"

"சினிமால மருந்து கெடையாதுடா, அதான் சுடுறான்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "இங்க கீது. துட்டு கூட வேணாம். கியூவுல நிக்கணும், அவ்ளோதான். எனுக்குத் தெரியாதா? இல்லாத நோவுக்கெல்லாம் அங்க சீட்டு போட்டவன்டா நான். எந்தக் கவுன்டர்னு எனுக்குத் தெரியும். இன்னிக்கு வுட்டா பொங்கல் லீவுடா. அப்புறம் எந்த டாக்டரு இருப்பாரோ, எப்போ தொறப்பாங்களோ..."

நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவன் பறியை மறுபடி பல்லில் கடிக்கப் போனான்.

அப்போது புகைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

"டேய் காசி. இன்னா பெரிய நோவு கண்டுட்ட நீ? எங்க வூட்டுக்காரு ஆறு மாசம் துன்னாரு அந்த மாத்திரைய. இப்ப அவுரு கத்துறது எர்ணாவூர் வரிக்கும் கேக்குது."

காசி நிமிர்ந்தான்.

குரல் கொஞ்சம் நெருங்கியது. சாம்பல் பூசிய ஒரு முகம், வெள்ளைக் கண். "உன் மேல படுத்துகினு இருந்துச்சே உம் பொண்ணு, அதுக்குப் பாத்தியா?"

பறி பிடித்திருந்த அவன் கை இறங்கியது.

"நீ தண்ணிலயே நின்னுகினு இருந்தா புள்ளைக்கு இன்னான்னு எவன் பாப்பான்? கரையேறுடா, கயித."

அவள் பறியைக் கடித்துக்கொண்டாள். முகம் மறுபடி புகையாகிவிட்டது. சளக், சளக் சத்தம் மட்டும் அங்கிருந்து விலகிப் போயிற்று.

காசி அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றான். பிறகு என்னைப் பார்த்து நடந்து வரத் தொடங்கினான். இடுப்பு, தொடை, முட்டி என்று தண்ணீர் இறங்க இறங்க, உடம்பு எவ்வளவு இளைத்திருக்கிறது என்று தெரிந்தது. நான் என்னையறியாமல் இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். தலையாட்டினான். சரிதான் என்கிற மாதிரி.

காத்திவாக்கத்துத் தெருவில்

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போலக் கவலைப்படுகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களைக் கடைசி வரி வரைக்கும் தவிக்கவிடக் கூடாது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. முன்ஜாக்கிரதைக்கு மருந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். செல்விக்கும் இல்லை. டில்லிக்கு இருந்தது கம்பெனித் தூசி இருமல். பாஸ் கிடைக்கச் சில மாதம் அலைந்தான், காசியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாய்க்கும் எனக்கும் இல்லை. என் முடிவை மட்டும் நான் நம்பாமல் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். காசி ஆறு மாதம் மாத்திரை தின்று எழுந்துவிட்டான்.

ஆனால் அன்று காலை இது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

வீட்டு வாசலுக்கு வெகு தூரத்திலேயே காசி நின்றுவிட்டான். நான் கொடுத்த மாஸ்க்கை மாட்டியிருந்தான். உடம்பில் சேறு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. செல்வி வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் பழைய கோரைப்பாய் எரிந்துகொண்டிருந்தது.

"எனுக்கு டி.பி. கீது, செல்வி," என்றான். தெருவே கேட்கிற மாதிரி. கிட்டப் போய்ச் சொல்லாமல் இருக்க வேண்டுமானால் அப்படித்தானே சொல்ல முடியும். இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. பாயைக் கிளறிக்கொண்டிருந்தவர் குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

செல்வி வாளியைக் கீழே வைத்தாள். அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"தலகாணி உறைய தெனம் நான்தானே தொவச்சேன்?" என்றாள். "எப்ப சொல்லுவேன்னுதான் பாத்துகினு இருந்தேன். டபுள் ட்யூட்டியாம், டபுள் ட்யூட்டி."

அவள் அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போனாள். தூக்கத்தில் இருந்த குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தன் மூக்கிலும் அதன் மூக்கிலும் கைக்குட்டையைக் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். என் பக்கம் திரும்பி, "எந்த ஆஸ்பத்திரிண்ணா? நட" என்றாள்.

தர்ஷினி கண் விழித்து அப்பனைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டினாள். காசி ஓர் எட்டு பின்னால் வைத்தான். அவள் உதடு பிதுங்கியது. அவன் திரும்பி நடந்தான், கதறல் தெருவைக் கிழித்தது. நின்று, அவளைப் பார்த்துத் திரும்பினான், கதறல் நின்றது. மறுபடி திரும்பினான், மறுபடி கதறல்.

முதுகைக் காட்டினால்தான் அழுகிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

அப்படியேதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனோம். சாம்பல் பூசிய ஓர் ஆள் பின்னோக்கி நடக்கிறான், கண்ணை எடுக்காமல். பத்தடி தள்ளி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரு குழந்தை, முகத்தில் பாதி துணி. குழந்தையைச் சுமந்தபடி ஒன்றும் பேசாத ஒரு பெண். புகைக்குள்ளிருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸை இறக்கிவிட்டு வழிவிட்டார்கள்.

நான் காசிக்குப் பக்கவாட்டில், சற்று விலகி நடந்தேன். அவன் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"பின்னாடி கல்லு."

விலகினான்.

"எடது பக்கம் வா, பள்ளம். இன்னும் கொஞ்சம். நாய் படுத்துகினு கீது, மெதுவா."

மெதுவாக வந்தான்.

"நில்லு. லாரி."

நின்றான். கன்டெய்னர் லாரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நீளமாக, முடிவே இல்லாத மாதிரி போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து எல்லாரையும் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒருவரும் காது கொடுத்ததில்லை. அன்றைக்கு ஒருவன் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் காலை எடுத்து வைத்தான்.

லாரி போன பிறகு சாலை காலியாக இருந்தது. அந்தப் பக்கத்தில் பஸ் ஸ்டாப் தெரிந்தது. நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"வா," என்றேன். "வா. பின்னாடி ஒண்ணுமில்ல."